பிஸ்கட் டின்னுக்குள் உம்மா

போனை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவைத்தால், பேசாத பிள்ளை பேசத் தொடங்கும் என்று நான் நம்பினேன். மனதோடு நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் பாதகமில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய், டின்னையும் கையில் கொடுத்து நம்பினேன்.

இதை எழுதச் சொன்னவர் சிபானா. நான் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு வந்தபின் என் கதிரையில் இருப்பவர். முன்பள்ளியில் பிள்ளை என்ன சாப்பிட்டது, என்ன பாடியது, என்ன சொன்னது என்பதையெல்லாம் அந்தந்த நேரமே பெற்றோரின் போனுக்கு அனுப்புகிற செயலி ஒன்று வரப்போகிறதாம். அதற்கான பயிற்சிக்குப் புது உத்தியோகத்தர்கள் வருகிறார்களாம்.

"சேர், உங்கட டின் கதைய எழுதித் தாங்க. அவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்."

"எதுக்கு மகள், என்னயப் பாத்துச் சிரிக்கவா?"

"சிரிச்சிட்டு யோசிக்க."

"யோசிக்கிறதுக்கு வேற ஆள் இல்லியா?"

"யோசிக்க நிறையப் பேர் இரிக்காங்க சேர். சிரிக்க வைக்கத்தான் ஆள் இல்ல."

இப்படிச் சொன்னால் எந்த மனிதன்தான் எழுதமாட்டான்?

முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் என்பது என் பதவியின் முழுப்பெயர். பட்டதாரி நியமனத்தில் கடிதம் வந்தபோது அவசரத்தில் 'அபிவிருத்தி' என்ற சொல்லை மட்டும்தான் பார்த்தேன். வீதி, மதகு, குளக்கட்டு என்று கனவு கண்டேன். என் மனைவிதான் கடிதத்தை முழுதாக வாசித்தார். "வீட்டுல புள்ள அழுதா கடைக்கி ஓடுற மனிசன்ட கையில, ஊர்ப் புள்ளைகளயெல்லாம் குடுத்திரிக்காங்க" என்றார். பிறகு வானத்தைப் பார்த்து, "யா அல்லாஹ், நீதான் காப்பாத்தணும்" என்றார். யாரை என்று சொல்லவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு மண்டபம் நிறையப் பெண்கள், நடுவில் நான். கடதாசிக் கிரீடம் செய்யப் படித்தேன். தவளை மாதிரி பாயப் படித்தேன். பாய்ந்த பிறகு எழும்புவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. உளவியல் பாடத்தில் மட்டும் நல்ல புள்ளி எடுத்தேன். பின்னால் வந்த வினையெல்லாம் அந்தப் புள்ளியால் வந்ததுதான்.

உண்மையில் எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர், புத்தளம் அலுவலகத்தில் என் மேலதிகாரியாக இருந்த சந்திரா மேடம். சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழை என்னைவிடத் தெளிவாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் இரண்டு மொழியிலும் பேசாமல் இருந்துவிடுவார். முன்பள்ளிக்கு வந்தால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே பாயில் அமர்வார். ஒரு பிள்ளையையும் பார்க்கமாட்டார், கூப்பிடமாட்டார், கன்னத்தைக் கிள்ளமாட்டார். கைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை வந்து, "இது எந்தக் கதவுட?" என்று கேட்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் மடியில் இடமிருக்காது.

நாங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதிக்கொண்டு போகும் குறிப்புகளை வாசிக்கும்போது அவர் கையில் சிவப்புப் பேனை இருக்கும். கெட்டிக்காரி, குழப்படிகாரன், பயந்த சுபாவம் என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறோமோ அங்கெல்லாம் ஒரு கோடு விழும்.

"அனே சேர், இது உங்கட யோசனை. பிள்ளை என்ன செஞ்சது?"

"குழப்படி செஞ்சது மேடம்."

"குழப்படின்னா? கையால என்ன செஞ்சது? காலால என்ன செஞ்சது?"

பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பதற்கு அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டும். நேருக்கு நேர் இருக்காமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பேனையைத் தொடாமல் முதலில் சும்மா பார்க்க வேண்டும். பிறகு கை என்ன செய்கிறது என்று எழுத வேண்டும், அடுத்தது கண், கடைசியாக வாய். வாயில் வருவதைப் பிள்ளை சொன்ன மாதிரியே எழுத வேண்டும், திருத்தக்கூடாது. இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். செய்வதுதான் குறைவு.

எனக்குத் தந்த பகுதி கற்பிட்டிப் பக்கத்துக் கரையோரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்கிற உப்புநீர் ஏரி, நடுவில் மணலும் தென்னையும் முன்பள்ளிகளும். டீச்சர்மார் எல்லோரும் இளம் பெண்கள் என்பதால், போகிற இடமெல்லாம் எனக்கு மரத்தடியில்தான் கதிரை. நான் கதிரையை விட்டுவிட்டு ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு வாசல் ஓரம் உட்கார்ந்து உள்ளே பார்ப்பேன். கோழிகள் என்னை ஊர்க்காரனாகவே ஏற்றுக்கொண்டிருந்தன.

களப்போரத்து முன்பள்ளி ஒன்றில்தான் நஸ்ரினைக் கண்டேன். நான்கு வயது. உம்மா கட்டாரில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வாப்பா ரிஸ்வான் இரவு மீன்பிடித் தொழிலுக்குப் போவதை விட்டுவிட்டு, மகள் முன்பள்ளியில் இருக்கும் நேரம் மட்டும், கரையில் மீன் காயப்போடும் கருவாட்டு வாடியில் வேலை செய்தார். சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார், மகளின் தலையையும் வாரிவிடுவார். வலை முடிகிறவர் என்பதால் பின்னலையும் வலை முடிச்சுப் போட்டே கட்டி அனுப்புவார். ஒரு சூறாவளிக்கும் அது அவிழாது. அதை அவிழ்க்கப்போய், அந்த முன்பள்ளியின் ரிஹானா டீச்சர் சீப்பை உடைத்திருக்கிறார்.

அந்தப் பிள்ளை முன்பள்ளியில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பாட்டு நேரத்தில் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். பெயர் கேட்டால் நிலத்தைப் பார்க்கும். தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையைக் காட்டும்.

"வருசத் தொடக்கத்துல நல்லாக் கதைச்ச புள்ளதான் சேர்" என்றார் ரிஹானா டீச்சர். "அது சொல்றதயெல்லாம் நீங்க சொன்ன மாதிரி குழுவுலயும் போட்டன். போகப் போக வாய மூடிட்டு."

அந்தக் குழு என் கண்டுபிடிப்பு. பெற்றோர் ஈடுபாடு என்று ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு முன்பள்ளிக்கும் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்க வைத்திருந்தேன். பிள்ளை அன்றன்று சொன்ன அழகான பேச்சை டீச்சர் அதில் போட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தாய்மாரும் பார்க்கலாம். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை.

டீச்சர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினேன். ஆனால் என் தலைக்குள் அப்போது வேறொரு கருத்தரங்கு ஓடிக்கொண்டிருந்தது. சிறு பிள்ளைகளும் திரையும் என்ற தலைப்பில் நடந்தது. போன் பார்க்கும் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தும் என்று அங்கே சொன்னதைக் கேட்டபின், என் கண்ணில் பட்ட பிள்ளைகளெல்லாம் போனோடுதான் தெரிந்தார்கள். நஸ்ரின் வீட்டுக்குப் போனால் அங்கேயும் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும். வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

ஊர்க் கடைகளில் கெஞ்சி வெற்று பிஸ்கட் டின்கள் சேர்த்தேன். 'போன் தூங்கும் பெட்டி' என்று வண்ணத்தாள் ஒட்டினேன். மாலை மஃரிப் தொழுகையிலிருந்து பிள்ளை தூங்கும்வரை போன் டின்னுக்குள் இருக்க வேண்டும், அந்த நேரம் வாப்பாவும் உம்மாவும் பிள்ளையோடு கதைக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதை நான் விளக்கியபோது பின்வரிசையிலிருந்து ஒரு மீனவர் கை உயர்த்தினார்.

"சேர், போன் தூங்கும். பிஸ்கட் எங்க?"

ரிஸ்வான் மட்டும் சிரிக்கவில்லை. டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காரணம் பிறகுதான் தெரிந்தது. புத்தளம் நகரில் இருக்கும் அவருடைய ராத்தா, அதாவது அக்கா, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நஸ்ரினைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு முன்பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். கெட்ட எண்ணமில்லை. ஆண் ஒருவன் தனியாக வளர்த்ததால்தான் பிள்ளை ஊமையாகிறது என்று அவருக்குப் பயம். கட்டாரில் இருந்த உம்மாவும் அரைமனதோடு சரி சொல்லியிருந்தார்.

"சேர், நீங்க ஒரு வார்த்த சொன்னா ராத்தா கேப்பா" என்றார் ரிஸ்வான். "மகள் போனா ஊட்டுக்குள்ள எனக்கு என்ன வேல?"

ஒரு வார்த்தை சொல்லும் பெரிய மனிதனாக யாராவது என்னை நினைத்தால் எனக்குப் பயம் வந்துவிடும். பயத்தை மறைக்க இன்னும் உரக்கப் பேசுவேன். "போன ஒழுங்கா டின்னுக்குள்ள வைங்க. பெருநாளைக்கி முந்திப் புள்ள பாட்டே பாடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெருநாள் நெருங்கியது. ஒரு காலை அந்த முன்பள்ளிக்குப் போய், வழமைபோல் பலகையில் குந்தினேன். அன்று டீச்சர்மார் என்னைப் பார்த்துப் பார்த்து முகம் மலர்ந்தார்கள். பிள்ளைகளும் கூட. என் சேவை மெல்ல மெல்ல மக்கள் மனதில் இடம்பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நஸ்ரின் மட்டும் வாயை மூடியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் ரிஸ்வான் வாடியிலிருந்து அரக்கப் பரக்க வந்தார். உடம்பெல்லாம் உப்பு.

"சேர், புள்ள கதைக்கிது."

"நான் சொன்னன்தானே!"

"டின்னோட கதைக்கிது சேர்."

"என்ன?"

"மஃரிபுக்குப் பொறகு டின்ன மடியில வச்சிக்கிட்டு, மூடியில வாய வச்சிக்கிட்டுக் குசுகுசுன்னு கதைக்கிது. நான் கிட்டப் போனா நிப்பாட்டுது. ராத்தாக்குத் தெரிஞ்சா, ஜின் புடிச்சிட்டுன்னு ஓதிப் பாக்க ஆளக் கூட்டிக்கிட்டு வந்திருவா."

இனி என் நிலையைச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும் என்று வைத்தியம் செய்யப்போய், அதற்குப் பைத்தியத்தை வரவழைத்துவிட்டேன் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். என் பையை எடுக்கவில்லை, டீச்சரிடம் சொல்லவில்லை. வீதிக்கு ஓடி, வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நடத்துநர் எங்கே என்று கேட்டபோது, "டின்" என்றேன். புத்தளம் போகும்வரை அவர் என்னை விட்டு இரண்டு அடி தள்ளியே நின்றார். என்னை வேலையிலிருந்து நீக்குவது, பத்திரிகையில் படம் வருவது, மனைவி வானத்தைப் பார்ப்பது எல்லாம் வழியிலேயே நடந்து முடிந்துவிட்டன.

சந்திரா மேடம் மத்தியானச் சோற்றுப் பார்சலைத் திறந்துகொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் கொட்டினேன். மனப்பிரமை, அதிர்ச்சி, பிரிவுத் துயரம் என்று உளவியல் பாடத்தில் எடுத்த புள்ளிகளையெல்லாம் மேசையில் பரப்பினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"சரி சேர். பிள்ளை என்ன செஞ்சது?"

"டின்னோட கதைச்சது மேடம்."

"என்ன கதைச்சது?"

"தெரியாது மேடம்."

"கேக்கல்லியா?"

"பயத்துல இஞ்ச ஓடி வந்துட்டன்."

அவர் சிரிக்கவில்லை. பார்சலில் இருந்த மீன் பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க. சாப்பிட்டிட்டுப் போய்க் கேளுங்க. கேட்ட மாதிரியே எழுதுங்க. அது என்ன சொல்லுதுன்னு தெரியாம நாங்க என்னத்தச் சொல்ற?"

பிறகு, வழமைக்கு மாறாக, பஸ் தரிப்பிடம் வரை என்னோடு நடந்து வந்தார். பக்கத்தில் அல்ல, எனக்குப் பின்னால், ஒட்டியபடி. தன் பெரிய கோப்பு ஒன்றையும் தந்து, "கையப் பின்னால கட்டி இதப் பிடிச்சுக்கொண்டு நடங்க" என்றார். என் மனச்சுமையை உணர்ந்து தரும் மரியாதை என்று எனக்குக் கண் கலங்கியது.

மஃரிப் தொழுகை முடிந்து நான் ரிஸ்வான் வீட்டுக் குசினிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். உள்ளே போகவில்லை. மேடம் சொன்ன ஒழுங்கை முதன்முறையாக முழுதாகச் செய்தேன். வேலியோரம் தேங்காய் துருவும் பலகையைப் போட்டு, பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கீழே, பக்கவாட்டில் குந்தினேன். ரிஸ்வான் முற்றத்தில் வலையைப் பார்க்கிற மாதிரி இருந்தார். அந்நேரம் தூங்கியிருக்க வேண்டிய கோழி ஒன்று என் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. கால் விறைத்தது. நான் அசையவில்லை.

நஸ்ரின் டின்னோடு வந்து குசினிப் படியில் அமர்ந்தாள்.

கை: மூடியில் ஒட்டியிருந்த தாளைத் தடவியது. கண்: வாப்பா எங்கே என்று பார்த்தது. அந்த நேரம் டின்னுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம். போன் அதிர்கிறது. எனக்குக் கோழியோடு சேர்ந்து தூக்கிப்போட்டது. கட்டாரில் உம்மா பகல் வேலை முடித்து அழைக்கிற நேரம் அது. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் நான் போனைத் தூங்கவைக்கச் சொல்லியிருக்கிறேன்! ரிஸ்வானும் என் சொல்லுக்குப் பயந்து, பிள்ளை தூங்கிய பிறகுதான் மனைவியை அழைத்திருக்கிறார்.

சத்தம் அடங்கியது. நஸ்ரின் டின்னை மடியில் வைத்து, மூடியில் வாயை வைத்தாள். வாய்: இனி அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உம்மா, தூங்கிட்டீங்களா? இன்டைக்கு ஹனா என்ட தோள்ல கடிச்ச. நான் அழல்ல. ரோசாப்பூப் பாட்டுப் படிச்சாங்க, எனக்கு முழுசாத் தெரியும். சேர்ட களுசான் பின்னால கிழிஞ்சிருந்திச்சு. உள்ளுக்க நீலம். டீச்சர்மார் சிரிச்ச. நான் கொஞ்சம்தான் சிரிச்ச."

என் கை மெதுவாகக் காற்சட்டையின் பின்னால் போய்ப் பார்த்தது. பிள்ளை சொன்னது சரி. டீச்சர்மாரின் மலர்ந்த முகம், பஸ் நடத்துநரின் இரண்டடி, மேடத்தின் கோப்பு எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. காலையிலிருந்து நான் மாவட்டத்தில் பாதிக்கு நீலத்தைக் காட்டித் திரிந்திருக்கிறேன்.

நஸ்ரின் நிறுத்தவில்லை. குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"டீச்சருக்கு ஒண்டும் சொல்லல்ல உம்மா. டீச்சருக்குச் சொன்னா போன்ல போட்டுருவாங்க. பொறகு நான் சொன்னா நீங்க, 'தெரியும் மகள், டீச்சர் போட்டாங்க'ன்னு சொல்லுவீங்க. இதுகள் ஒண்டும் உங்களுக்குத் தெரியாதுதானே? நான்தான் முதல்ல சொல்ற."

முற்றத்தில் ரிஸ்வானின் கை வலையிலேயே நின்றுவிட்டது. வரலாற்றில் முதன்முறையாக நானும் நஸ்ரின் மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு கோழியை இறக்கிவிட்டு எழும்பப் பார்த்தேன், விறைத்த கால் விடவில்லை, வேலியோடு விழுந்தேன். நஸ்ரின் என்னைப் பார்த்தாள். டின்னைத் திறந்து போனை வாப்பாவிடம் நீட்டினாள்.

"வாப்பா, உம்மாக்கு எடுங்க. சேர் உழுந்துட்டாரு. டீச்சர் போட முந்திச் சொல்லணும்."

ரிஸ்வான் போனை எடுத்தார். நான் விழுந்தது அன்றிரவே கட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது. உம்மாவுக்குத் தெரியாத செய்தி. அந்தத் தாய் சிரித்த சிரிப்பு வேலிக்கு வெளியே கேட்டது. "அப்பிடியா மகள்? பொறகு? பொறகு என்ன நடந்த?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நஸ்ரின் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்தநாள் நல்ல களுசான் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் மேடத்திடம் எழுதியதைக் கொடுத்தேன். சிவப்புப் பேனையைக் கையில் வைத்தபடி முழுவதையும் வாசித்தார். ஓர் இடத்திலும் கோடு விழவில்லை. நீலம் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தாமதித்து, "இது சரிதான், நானும் கண்டன்" என்றார்.

குழுவை என்ன செய்வது என்று கேட்டேன்.

"இருக்கட்டும். லீவு நாள், கிளினிக் நாள் எல்லாம் போடுங்க. பிள்ளைட கதைய பிள்ளைக்கே விடுங்க சேர். சொல்ற சந்தோசம் அதுக்குச் சொந்தம்."

ரிஹானா டீச்சர் அந்த வாரமே பிள்ளைகளின் பேச்சைப் போடுவதை நிறுத்தினார். நஸ்ரினிடம் குந்தியிருந்து, "இனி நான் போன்ல ஒண்டும் போடமாட்டன். நீங்களே உம்மாக்குச் சொல்லுங்க" என்று சொல்லியும் வைத்தார். நஸ்ரின் இரண்டு மூன்று நாள் அவரைச் சோதித்துப் பார்த்தாள். சின்னச் சின்னதாக ஏதாவது சொல்லிவிட்டு, இரவு உம்மாவுக்குத் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. அதற்குப் பிறகு பாட்டு நேரத்தில் அவளை நிறுத்துவதுதான் டீச்சருக்கு வேலை.

பெருநாள் கழிந்து ராத்தா வந்தார். கையில் புதுச் சப்பாத்து, புதுப் பை. நானும் ஒரு வார்த்தை சொல்வதற்காக, இரவெல்லாம் தயாரித்த உரையோடு போயிருந்தேன். வாயைத் திறக்க இடம் கிடைக்கவில்லை.

"மாமி, இது எனக்கா? மாமி, ஹனாட சப்பாத்துல லைட் இரிக்கி. மாமி, சேர் வேலியில உழுந்தாரே, தெரியுமா? மாமி, நீங்க ஏன் ஒண்டும் கதைக்கிறீங்க இல்ல?"

மாமி ரிஸ்வானைப் பார்த்தார். ரிஸ்வான் அடுப்பைப் பார்த்தார். மாமி பிள்ளையை மடியில் இழுத்து, பின்னலைத் தொட்டு, அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை.

"இது என்ன முடிச்சுடா?"

"வல முடிச்சு ராத்தா."

"பொம்புளப் புள்ளட தலையில! இஞ்ச வா, எப்பிடிப் பின்னுறதுன்னு காட்டித் தாறன்" என்றார் மாமி.

டின்களையெல்லாம் நான் திரும்பச் சேர்த்தேன், ஒன்றைத் தவிர. நஸ்ரின் வீட்டு டின் அது, கிடைக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். டின் ஒன்றும் செய்யவில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை. டீச்சர் குழுவில் எழுதுவதை நிறுத்தினார், பிள்ளை கதைத்தது. மாமி கொண்டுவந்த புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நஸ்ரின், வாப்பாவின் கையைப் பிடித்தபடி, களப்போரத்து அதே முன்பள்ளிக்குத்தான் போனாள்.